சிவப்புக் கோட்டுக்குக் கீழே பதினொரு பேர்

பொன்மலை
29 ஏப்ரல் 2025

சௌரிராஜன் சாருக்கு,

ஃபோன் செய்தால் காது சரியாகக் கேட்கவில்லை என்பீர்கள். பூமா மாமி வாங்கிப் பேசுவார்கள். சொல்ல வந்ததில் பாதியை விழுங்கிவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம். இதில் எதையும் விழுங்கப் போவதில்லை.

நேற்று என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேரின் பெற்றோரை ஹெச்.எம். அறைக்கு வரவழைத்தார்கள். டிசி வாங்கிக்கொண்டு வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். "அடுத்த வருஷம் பத்தாவதுங்க. இங்க எழுதினா ஃபெயில்தான். வேற ஸ்கூல்ல சேர்த்துட்டா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்று ஹெச்.எம். முருகானந்தம் சார் தேன் தடவிப் பேசினார். அவர் கையில் இருந்தது உங்கள் பட்டியல்.

ஆமாம் சார், உங்களுடையதுதான். இருபது வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து பார்த்த கையெழுத்து எனக்குத் தெரியாதா? வரிசை எண், பெயர், மதிப்பெண், தரவரிசை. நாற்பத்தெட்டு பேர். முப்பத்தேழாவது பெயருக்குக் கீழே ஸ்கேல் வைத்து இழுத்த சிவப்புக் கோடு. கோட்டுக்குக் கீழே இருந்த பதினொரு பேரைத்தான் வரவழைத்தார்கள்.

பிப்ரவரியில் உங்களை எதற்கு அழைத்தேன்? ஆண்டுத் தேர்வு மதிப்பெண்ணை நம்ப முடியாது, உள்மதிப்பீடு என்று எல்லாருக்கும் அள்ளிப் போட்டுத் தேற்றிவிடுகிறோம், கணக்கில் எந்தப் பிள்ளைக்கு எங்கே சிக்குகிறது என்று நீங்கள் ஒரு தேர்வு வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். மதிப்பெண் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். தலையை ஆட்டினீர்கள். பிறகு கூட்டினீர்கள், வரிசைப்படுத்தினீர்கள், கோடும் போட்டீர்கள். யார் கேட்டார்கள்?

எடமலைப்பட்டி புதூரிலிருந்து வந்திருந்தார் வீரமலை. செங்கல் லாரியில் லோடு ஏற்றுகிறவர். நாற்காலியில் உட்காரவே இல்லை. அவர் மகள் வைஷ்ணவி கதவோரம் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், ரேங்க் கார்டுல பாஸ்னுதானே வரும்? பாஸான பிள்ளைய எதுக்கு வெளிய அனுப்புறீங்க?" என்று கேட்டார்.

"ரேங்க் கார்டு வேற. இது உண்மையான மார்க்கு. வைஷ்ணவி, முப்பத்தொண்ணு" என்று அத்தனை பேர் முன்னாலும் வாசித்தார் ஹெச்.எம்.

"அப்ப நீங்க கார்டுல போடுறது பொய் மார்க்கா சார்?"

ஹெச்.எம். அடுத்த பெயரை வாசித்தார். நான் தலையைக் குனிந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன்.

இந்தப் பள்ளியில் ஒழுங்காக நடந்த ஒரே தேர்வு உங்களுடையது. அதை வைத்துத்தான் பிள்ளைகளை வெட்டுகிறார்கள். சந்தோஷமா சார்?

ஜென்சி

*

ஸ்ரீரங்கம்
3 மே 2025

ஜென்சி டீச்சருக்கு,

நமஸ்காரம். தங்கள் கடிதம் நேற்று கிடைத்தது. இது நான் எழுதும் நான்காவது பதில். முதலாவது மிக நீண்டுவிட்டது. இரண்டாவதில் என்னைக் காப்பாற்றிக்கொள்ளவே பார்த்திருந்தேன். மூன்றாவதில் எல்லாப் பழியையும் ஏற்றுக்கொண்டேன். படித்துப் பார்த்தபோது அதுவும் நிஜமாகத் தோன்றவில்லை. மூன்றையும் கிழித்துவிட்டேன்.

முறையாகச் சொல்லப் பார்க்கிறேன். முதலாவது, கேட்காத பட்டியலைக் கொடுத்தது என் தவறு. முப்பத்தாறு வருடம் விடைத்தாள் திருத்திய கைக்கு, கட்டு முடிந்ததும் கூட்டாமல் இருக்கத் தெரியவில்லை. கூட்டியதும் இறங்குவரிசையில் எழுதியது. எழுதியதும் சிவப்புப் பேனாவைத் தேடியது. இதில் எந்த இடத்திலாவது நான் யோசித்தேனா என்று நினைத்துப் பார்க்கிறேன். யோசித்ததாக ஞாபகம் இல்லை.

இரண்டாவது, பட்டியலோடு நாற்பத்தெட்டு அரைத்தாள்களும் கொடுத்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள். எங்கே தடுக்குகிறது, எதை மறுபடி நடத்த வேண்டும் என்று எழுதியிருந்தேன். அவற்றை எழுத எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்தக் கட்டை யாராவது பிரித்துப் பார்த்தார்களா? இதைக் கேட்க எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

மூன்றாவதாக ஒன்று இருந்தது. இப்போது பிடிபடவில்லை.

தாளாளருக்கு நானே எழுதலாமா என்று யோசித்தேன். ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடம் ஆனவன் எழுதினால் காரியம் கெட்டுவிடுமோ என்றும் இருக்கிறது. தாங்கள் எழுதச் சொன்னால் எழுதுகிறேன். வேண்டாம் என்றாலும் சரி.

பூமா வந்து பார்த்துவிட்டு, "யாருக்கு இத்தனை காயிதம் கிழிக்கறேள்? நேர போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடப்படாதோ?" என்கிறாள். பேசத் தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

மன்னிக்கவும்.

தங்கள்,
சௌரிராஜன்

*

பொன்மலை
6 மே 2025

சார்,

முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று பிரித்து எழுத இது ஆண்டறிக்கை இல்லை. உங்கள் மன்னிப்பும் எனக்கு வேண்டாம். அதை வைத்து ஒரு பிள்ளையைக்கூட உள்ளே உட்கார வைக்க முடியாது.

அரைத்தாள்களைப் பற்றிக் கேட்டீர்கள். ஆபீஸ் அலமாரியில் கிடக்கின்றன. நான் முதல் இருபதைப் படித்தேன். அப்புறம் பொதுத் தேர்வு டியூட்டி வந்துவிட்டது. ஹெச்.எம். ஒன்றைக்கூடத் தொடவில்லை. கோடு போட்ட பட்டியல் ஒன்று கையில் இருக்கும்போது நாற்பத்தெட்டு தாளை எவன் சார் படிப்பான்?

நேற்று நாலு பேர் டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். வைஷ்ணவி அதில் ஒருத்தி. வீரமலை பேனாவை வாங்கினார், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். அவள் என்னிடம் நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒரு பக்கம் கிழிஞ்சிருக்கு மிஸ், நான் கிழிக்கல" என்றாள்.

மீதி ஏழு பேருக்குப் பதினாறாம் தேதி கெடு. எழுதச் சொன்னால் எழுதுவீர்களா? எழுதச் சொல்கிறேன். இந்தத் தேர்வு அதற்காக வைத்ததில்லை என்று தாளாளருக்கு எழுதுங்கள். இதையும் நாலு முறை கிழிக்காதீர்கள்.

ஜென்சி

*

ஸ்ரீரங்கம்
10 மே 2025

ஜென்சி டீச்சருக்கு,

தாளாளருக்கு நான் இன்னும் எழுதவில்லை. எழுதுவதற்கு முன் விடைத்தாள்களை மறுபடி பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அவை என்னிடமே இருக்கின்றன. யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

முதல் முறை ஒவ்வொரு தாளாகத்தான் பார்த்தேன். இந்த முறை அந்தப் பதினொன்றையும் கூடத்தில் பரப்பி வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். அப்போதே செய்திருக்க வேண்டும்.

3x = 12. x எவ்வளவு? பதினொரு பேரில் ஒன்பது பேர் மைனஸ் நான்கு என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று சமன் குறியைத் தாண்டிப் போனதும் மைனஸ் மூன்று ஆகிவிட்டிருக்கிறது. ஆறு கணக்குகள் இந்தப் படியில்தான் முடிகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண். அதுவரை எல்லாப் படிகளையும் சரியாகச் செய்துவிட்டுக் கடைசிப் படியில் விழுகிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்களோ என்று சந்தேகப்பட்டேன். அன்றைய இருக்கை வரிசையை எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பது பேரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தவர்கள். மற்ற முப்பத்தேழு பேரில் ஒருவர்கூட இந்தத் தவறைச் செய்யவில்லை.

கணக்குத் தெரியாத பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாகத் தப்புச் செய்வார்கள். ஒன்பது பேர் ஒரே தப்பைச் செய்தால், யாரோ அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அவர்களுக்குக் கணக்கு ஆசிரியை தாங்கள்.

வைஷ்ணவிக்கு இந்தப் பிழையால் மட்டும் ஐந்து கணக்கு போயிருக்கிறது. முப்பத்தொன்றோடு இருபத்தைந்து. ஐம்பத்தாறு. எங்கே சிக்குகிறது என்று கேட்டீர்கள். தங்கள் கரும்பலகையில் சிக்குகிறது.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் பேனாவை மூடப் போனேன். மூட முடியவில்லை. முந்தாநாள் ராஜகோபுரத்தின் பக்கம் பஸ்ஸுக்கு நின்ற தைரியராஜைப் பார்த்தேன், நம் பி.டி. மாஸ்டர். "சாருக்குத் தெரியாதா? முருகானந்தம் சார் இந்த மாசத்தோட ரிட்டயர். ஜூன்லேர்ந்து ஜென்சி டீச்சர்தான் ஹெச்.எம். டீச்சர் லிஸ்ட் குடுத்தாங்க, தாளாளர் சீட் குடுக்கறார்" என்று சிரித்தார்.

என் பட்டியல் தானாக நடந்து ஹெச்.எம். மேசைக்குப் போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அதைத் தந்தது தங்கள் கையில். பிள்ளைகளை வெட்ட ஒரு வெளியாளின் கையெழுத்து வேண்டும் என்றுதான் இந்தக் கிழவனை வரவழைத்தீர்களா? பிறகு எதற்காக என்மீது அத்தனை கோபம்?

தவறாக எழுதியிருந்தால் திருத்துங்கள்.

சௌரிராஜன்

*

பொன்மலை
13 மே 2025

சார்,

திருத்துகிறேன்.

இத்துடன் ஒரு ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன். பதினான்காம் பக்கம். கட்டம் கட்டிப் போட்டிருப்பதைச் சத்தமாக வாசியுங்கள், மாமிக்கும் கேட்கட்டும். "சமன் குறியைத் தாண்டினால் குறி மாறும்." அட்டையையும் வைத்திருக்கிறேன். "உறுதித் தேர்ச்சிக் கையேடு, 1999. தொகுப்பு: அ. சௌரிராஜன், எம்.எஸ்சி., பி.எட்." மெதுவாகப் படிக்கிற பிள்ளைகள் இதை மட்டும் உருப்போட்டால் தேறிவிடலாம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தது. இன்றுவரை இந்தப் பள்ளியில் அதுதான் ஓடுகிறது. ஜனவரியில் என் வகுப்பில் பின்தங்கியவர்களுக்கு மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. உங்கள் முப்பத்தேழு பேரின் மர்மம் அதுதான்.

பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் அந்த விதி ஒத்துவராது என்று அதில் ஒரு வரி இல்லை. நான் வகுப்பில் சொன்னேன். ஆனால் உங்கள் கட்டம் என் குரலைவிடப் பெரிதாக இருந்திருக்கிறது. மார்ச்சில் இதே தப்பைச் செய்ததற்காக அவர்களை ஒரு பீரியட் முழுக்க நிற்க வைத்தேன். அதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கையேட்டால்தான் உங்கள் வகுப்பு நாலு வருடம் நூற்றுக்கு நூறு வாங்கியது. அதற்குத்தான் விருது கொடுத்தார்கள், மேடையில் சால்வை போட்டார்கள். நீங்கள் இறங்கி வரும்போது முதலில் கை தட்டியவள் நான்.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். கொடுத்தது நான்தான். மார்ச்சில் தாளாளர் கூப்பிட்டார். "ஜூன்லேர்ந்து நீங்கதாம்மா ஹெச்.எம். ஒரே ஒரு விஷயம், அடுத்த வருஷம் டென்த் நூத்துக்கு நூறு வரணும். யார் யார் ரிசல்ட்டைக் கீழ இழுப்பாங்கன்னு இப்பவே ஒரு லிஸ்ட் குடுத்துடுங்க" என்றார். உங்கள் பட்டியலும் அரைத்தாள்களும் என் பையிலேயே இருந்தன. தனி வகுப்பு வைக்கத்தான் கேட்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பினேனா? பாதி. அந்த மறுபாதியை என் முப்பத்திரண்டு வருட சர்வீஸுக்காக விட்டுக் கொடுத்தேன். என்னைவிட இளையவர்கள் இரண்டு பேர் என்னைத் தாண்டி அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள் சார். அவர்களுக்கு டீ கொண்டுவரச் சொல்லி பியூனை அனுப்பியவள் நான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்கு அது வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உங்களுக்கு விருது வேண்டியிருந்தது மாதிரி.

எனக்கு எதற்காகக் கோபம் என்று கேட்டீர்கள். கோடு போடாமல் கொடுத்திருந்தால் என்னிடம் கொடுக்க ஒன்றும் இருந்திருக்காது. அதுதான்.

இன்னும் மூன்று நாளில் பதினாறு.

ஜென்சி

*

ஸ்ரீரங்கம்
17 மே 2025

ஜென்சி டீச்சருக்கு,

ஜெராக்ஸ் தேவைப்படவில்லை. என் அலமாரியில் ஆறு பிரதிகள் இருக்கின்றன. உண்மையைச் சொல்கிறேன்: மைனஸ் நான்கை ஒன்பதாவது முறை பார்த்தபோதே இதை எங்கோ பார்த்திருக்கிறோம் என்று மனசுக்குள் தட்டியது. எழுந்துபோய் அலமாரியைத் திறக்கவில்லை. உட்கார்ந்து தங்களுக்குக் கடிதம் எழுதினேன்.

கையெழுத்துப் பிரதியையும் எடுத்துப் பார்த்தேன். அதில் இரண்டு வரி இருந்திருக்கிறது. பெருக்கினது வகுக்கும் என்ற இரண்டாவது வரியை நானே அடித்திருக்கிறேன். ஓரத்தில் "குழம்புவார்கள்" என்று எழுதியிருக்கிறேன். அந்த வருடங்களில் ஐந்து மதிப்பெண் கணக்குகள் கூட்டலிலும் கழித்தலிலுமே வந்தன. பிள்ளைகள் தேறினார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு என்ன தெரியும் என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அப்போது எனக்கு இருக்கவில்லை.

நேற்று பள்ளிக்குப் போனேன். சத்திரம் பஸ் நிலையத்தில் வண்டி மாறும்போது திரும்பிவிடலாமா என்று ஒரு வண்டியை விட்டேன். அடுத்ததில் ஏறினேன்.

ஹெச்.எம். அறையில் ஏழு பெற்றோரும் இருந்தார்கள். மேசை மேல் டிசி ஏழும் அடுக்கி இருந்தன. "வாங்க சார் வாங்க. காது மெஷின் மாட்டிட்டு வந்திருக்கீங்களா, இல்ல நான் கத்தணுமா?" என்றார் முருகானந்தம்.

"அந்தப் பட்டியல் செல்லாது" என்றேன்.

"ஏன், கூட்டல் தப்பாயிடுச்சா?"

"கூட்டல் சரி."

"அப்புறம் என்ன சார் செல்லாது?"

எழுதி வைத்துக்கொண்டு போயிருந்தேன். அதை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். நாட்காட்டியின் பின்பக்கத்தைக் கேட்டு வாங்கி, சமன்பாட்டை எழுதி, முதலிலிருந்து விளக்கினேன். அரை மணிக்கு மேல் ஆகியிருக்கும். அவர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். கையேடு என்னுடையது, விதி என்னுடையது, அதை அப்படியே செய்ததால்தான் ஒன்பது பேர் கோட்டுக்குக் கீழே போனார்கள் என்றேன். பொன்மலையில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கும் ஆசாத் எழுந்தார். அவர் மகன் அயான் அந்த ஒன்பது பேரில் ஒருவன்.

"பெரியவரே, எனக்குப் புரியற மாதிரி ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. குடுத்ததை ஒழுங்கா படிச்சதாலதான் எம்புள்ள ஃபெயிலா?"

"ஆமாம்" என்றேன். கேட்காதோ என்று மறுபடி சொன்னேன். பிறகுதான் தெரிந்தது, நான் கத்திக்கொண்டிருந்தேன். "ஆமாம், ஒழுங்காகப் படித்ததால்தான்!"

"கத்தாதீங்க சார், இது ஸ்கூல்" என்றார் முருகானந்தம். "உங்க கையேட்ல தப்புன்னா அதை நீங்க உங்க வீட்ல திருத்திக்குங்க. ரிசல்ட்டுக்கு நான் பதில் சொல்லணும், நீங்க இல்ல."

எழுபத்தொரு வயதில் முதல் தடவையாக ஒரு தலைமையாசிரியரின் மேசையைத் தட்டினேன். கை இன்னும் வலிக்கிறது. வெளியே வந்து ஆசிரியர் அறையில் தங்கள் நாற்காலியைப் பார்த்தேன். காலியாக இருந்தது. "டீச்சர் லீவா?" என்று கேட்டேன். "வந்தாங்க, எங்கேயோ போயிட்டாங்க" என்றார்கள்.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. என்ன ஆயிற்று என்றுகூடப் பார்க்காமல் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். அத்தனை எழுதினீர்களே, எனக்குப் பதினான்காம் பக்கம் அனுப்பினீர்களே. பதினாறாம் தேதி எங்கே போனீர்கள்? அந்தப் பள்ளிக்குக் கோழை நான் ஒருவன் போதாதா?

சௌரிராஜன்

*

பொன்மலை
21 மே 2025

சார்,

பின்வாசல் வழியாகப் போகாமல் முன்வாசலுக்கு வந்திருந்தால் என்னைப் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் வந்தது எனக்குத் தெரியும். நீங்கள் கத்தியது ஆபீஸ் வரைக்கும் கேட்டது. நான் அங்கேதான் இருந்தேன், அலமாரியைத் திறந்துகொண்டு. முருகானந்தம் சார் எப்போதும்போல நாற்பத்தெட்டு ரேங்க் கார்டிலும் ஏப்ரலிலேயே மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். இந்த ஏழு கார்டை மட்டும் கொடுக்காமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். எடுத்தேன். "பத்தாம் வகுப்புக்கு உயர்த்தப்பட்டார்" என்று முத்திரை குத்தினேன். வகுப்பாசிரியர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் நாட்காட்டியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த அரை மணி எனக்குப் போதுமானதாக இருந்தது. அதற்கு நன்றி சொல்ல மாட்டேன்.

கேட்டில் நின்றேன். வெளியே வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் கார்டைக் கொடுத்தேன். "டிசிய வாங்கிட்டீங்களா?" என்றேன். "அந்தப் பெரியவர் போட்ட சத்தத்துல நாங்க யாரும் வாங்கல டீச்சர், நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க" என்றார் ஆசாத். "நாளைக்கும் வராதீங்க, எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க. ஜூன் ரெண்டாந்தேதி யூனிஃபார்மோட பிள்ளைய அனுப்புங்க. பாஸ்னு பள்ளிக்கூடமே எழுதிக் குடுத்திருக்கு. யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன்.

திங்கட்கிழமை தாளாளர் வீட்டுக்கு வரச் சொன்னார். வெளி வராந்தாவிலேயே வைத்துப் பேசினார். "உங்களுக்கு இன்னும் அந்தப் பக்குவம் வரலம்மா" என்றார். முப்பத்திரண்டு வருடம் ஆகியும் வராத பக்குவம். எனக்குப் பதினொரு வருடம் இளையவர் ஒருவர் ஜூனில் பொறுப்பேற்கிறார். என்னிடம் பி.எட். பயிற்சிக்கு வந்தவர்.

வருத்தமா என்று கேட்டு எழுதாதீர்கள். எரிகிறது. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதுகூட எரிகிறது.

ஏழு பேர் உள்ளே. நாலு பேர் வெளியே. மூன்று வீட்டுக்கு நான் போய் வந்துவிட்டேன். மூவரும் வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, அங்கேயே பள்ளியில் சேரப் பணம் கட்டிவிட்டார்கள். வைஷ்ணவி வீட்டுக்கு மட்டும் என்னால் போக முடியவில்லை. அவள் டிசியில் என் கையெழுத்து இருக்கிறது. நீங்கள் போங்கள். பதினாறாம் தேதி போல மேசையைத் தட்டுவீர்களோ, அழுவீர்களோ, எப்படியாவது அவளைத் திரும்ப வரச் சொல்லுங்கள். அவளை எப்படிச் சேர்ப்பது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஜென்சி

*

ஸ்ரீரங்கம்
27 மே 2025

ஜென்சி டீச்சருக்கு,

கோழை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். எனக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

நேற்று எடமலைப்பட்டி புதூர் போனேன். வீரமலை வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி ரெங்கம்மாள் வாசலிலேயே நிறுத்தினார். நான் யார் என்று சொன்னேன்.

"ஓ, அந்த லிஸ்ட் எழுதுனவரா? எதுக்கு வந்தீங்க, இன்னொரு பரிட்சை வைக்கவா?"

தப்பு என்னுடையது, வைஷ்ணவிக்கு நியாயமாக ஐம்பத்தாறு என்றேன். அந்த அம்மாள் சிரித்தார்.

"முப்பத்தொண்ணுன்னு சொன்னப்ப ஊரே கேட்டுச்சு. ஐம்பத்தாறுன்னு எங்கிட்ட மட்டும் வந்து மெதுவா சொல்றீங்க. மைக்கு வெச்சுச் சொல்லுங்களேன்."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

வைஷ்ணவி உள்ளேயிருந்து வந்தாள். பக்கத்து அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாளாம். தாங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். திரும்ப வந்துவிடு அம்மா, ஜென்சி டீச்சர் பார்த்துக்கொள்வார் என்றேன்.

"வரல சார்" என்றாள்.

"ஏன்?"

"புது ஸ்கூல்ல சேர்க்கும்போது எந்த ஊரு, எந்தத் தெரு, சாப்ட்டியான்னு கேட்டாங்க. மார்க் கேக்கல."

கையேட்டில் உள்ள விதி தப்பு, சரியானதைச் சொல்லித் தரட்டுமா என்று கேட்டேன். "அது எனக்கு அப்பவே டவுட்டு சார். மூணை நாலால பெருக்கிப் பாத்தா பன்னெண்டு வருது, மைனஸ் நாலால பெருக்கினா மைனஸ் பன்னெண்டு வருது. மிஸ்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன். அன்னைக்கு நிக்க வெச்சிட்டாங்க. கேக்கல" என்றாள்.

டீச்சர், அந்தப் பெண்ணுக்குக் கணக்கு வருகிறது. நம் இருவரையும் தாண்டி வந்திருக்கிறது. அவள் வர மாட்டாள். நான் வற்புறுத்தவில்லை.

கையேட்டின் ஆறு பிரதிகளையும் கிழித்துப் போட்டுவிட்டால் தீர்ந்ததா என்று பூமா கேட்டாள். தீரவில்லை. தங்கள் வகுப்பில் அந்த ஜெராக்ஸ் யார் யாரிடம் இருக்கிறதோ, அவர்கள் எதிரில் விதி தப்பு என்று சொல்ல வேண்டும். ரெங்கம்மாள் கேட்ட மாதிரி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. ஒன்பது பேருக்கும் நியாயமான மதிப்பெண்ணை இத்துடன் எழுதி வைத்திருக்கிறேன். என் பெயரைச் சொல்லுங்கள். மறைக்க வேண்டாம்.

சௌரிராஜன்

*

பொன்மலை
3 ஜூன் 2025

சௌரிராஜன் சாருக்கு,

நேற்று பள்ளி திறந்தது. ஏழு பேரும் வந்தார்கள். புதிய ஹெச்.எம். கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வருகைப் பதிவேட்டில் பெயரை ஏற்றினார். அவரும் இந்த நாற்காலிக்கு வர எத்தனையோ விழுங்கியிருப்பார்.

முதல் பீரியட் கணக்கு. நாற்பத்து நாலு பேர். கதவை மூடவில்லை; வராந்தாவில் போகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று திறந்தே வைத்தேன். அந்த விதியைப் பலகையில் எழுதினேன். இது தப்பு என்றேன். எழுதியவர் சௌரிராஜன் சார், உங்களுக்குக் கொடுத்தவள் நான், இதனால் ஒன்பது பேருக்குப் போன மதிப்பெண் அவர்களுடையது இல்லை, எங்களுடையது என்றேன். மார்ச்சில் நிற்க வைத்ததற்கு அந்தப் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர்களில் வந்திருந்த ஒவ்வொருவருக்கும் நியாயமாக எவ்வளவு என்று பெயர் சொல்லி வாசித்தேன். அயான் நாற்பத்தொன்பது. சந்தோஷத்தில் பக்கத்தில் இருந்தவன் முதுகில் ஒன்று வைத்தான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் சார். முடிந்தது, பாடத்தை ஆரம்பிக்கலாம் என்று சாக்பீஸை எடுத்தேன்.

இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். போன வருடம் வைஷ்ணவி பக்கத்தில் உட்கார்ந்தவள்.

"அப்ப வைஷ்ணவி பாஸா மிஸ்?"

"பாஸ். ஐம்பத்தாறு."

"அப்ப அவ எங்க மிஸ்?"

அவள் என்னைச் சங்கடப்படுத்தக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். வருவாள் என்று நினைத்துப் பக்கத்தில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். மற்ற நாற்பத்து மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். உங்களுக்கு எழுதிய கடிதங்களில் எத்தனையோ பதில் சொல்லியிருக்கிறேன். அதில் ஒன்றுகூட இந்தக் கேள்விக்கு ஆகாது; சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

மணி அடிக்கிற வரைக்கும் நின்றுகொண்டேயிருந்தேன் சார். உட்காருங்க மிஸ் என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லவில்லை.

ஜென்சி